மெத்தைக்காரர் கேபிள் கழற்றிய ஞாயிறு

அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது மெத்தைக்காரருக்குத் தெரியும். ஆனால் அது மற்றவர்களுக்கு வருவது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பஞ்சை உதறி உறையில் அடைத்து, முழ நீள ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்து, மெத்தையின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து முடிச்சுப் போடுவது அவர் தொழில். தைத்து முடித்த மெத்தையில் ஒருமுறை படுத்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டார். படுத்தால் தூங்கிவிடுவார். வாங்க வந்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். கன்னத்தில் தையல் தடத்தோடு எழுந்து, "நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்பார். கடைக்காரனே அசந்து தூங்குகிற மெத்தைக்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? கடையில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக் காரின் ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றுகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? புதுக் கேபிள் வந்து கடைச் சுவரில் ஓர் ஆணியில் பாம்புச் சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று அவர் அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குக் குலதெய்வம் என்று ஒன்று இருந்தால் அதன் பெயர் நாளைக்கு. கடைசியில் நாளைக்கே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. அன்று மதியத்துக்குள் அவர் மனைவி அந்தக் காரில் கிளம்பியாக வேண்டும்.

மனைவி நர்ஸ். தெருவில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான், சொந்த அப்பாவே கோபம் வந்தால், "என்ன சிஸ்டர், காபி வருமா வராதா?" என்று கேட்பார். மலைமேல் இருக்கிற ஊரில் நர்சுகளுக்கான பள்ளி ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள். அதைத் தலைமையேற்று நடத்த சிஸ்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். இதே மாதிரி வாய்ப்பு முன்பும் வந்தது. அப்போது மகனுக்குப் பரீட்சை. அதற்கப்புறம் ஒருமுறை வந்தது. அப்போது அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். "மூணாவது தடவையும் ஏதாச்சும் தடங்கல் வந்தா எனக்கு எழுதலன்னு அர்த்தம். அப்பறம் நான் அதப் பத்தி பேசவே மாட்டேன்" என்று முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மெத்தைக்காரருக்குப் பயமாக இருந்திருக்காது.

திங்கட்கிழமை காலையில் பொறுப்பேற்க வேண்டும். மலையில் விடுதி ஒரு மேட்டில், பள்ளி இன்னொரு மேட்டில். நடுவே கார் இல்லாமல் முடியாது. அந்த மேடுகளில் ஹேண்ட் பிரேக் இல்லாத காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கார் இருக்காது. கேபிளோ இழை இழையாகப் பிரிந்து, நாலைந்து கம்பிகளில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கேபிள் இவ்வளவு தேய்ந்ததற்குக் காரணம் துரு மட்டும் இல்லை. கல்யாணமான புதிதில், அந்த நாளிலேயே பழசாக இருந்த இந்தச் சின்னக் காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். வீடு ஒரு சரிவுத் தெருவில், பாதி மேட்டில் இருக்கிறது. இருவரும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், கார் தன்பாட்டுக்கு, அவசரமே இல்லாமல், பின்பக்கமாகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். அது தெருக் கோடியில் ஒரு செம்பருத்திச் செடியில் போய் மெதுவாகச் சாய்ந்து நின்றது. நீங்க பிரேக் போடல, நீதான் கடைசியா இறங்குன என்று அன்று ஆரம்பித்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. தீராத வழக்குக்கு ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். ஓட்டுகிறவர் பிரேக்கை இழுப்பார். பக்கத்தில் இருப்பவர் அதன்மேல் இன்னும் ஒரு பல் ஏற்றுவார். கிர்ர்ரிக், அப்புறம் தனியாக ஒரு டிக். அந்த டிக் கேட்காமல் இருவரில் யாரும் கதவைத் திறந்ததில்லை. காருக்குள் எதையாவது வைக்கப் போனாலும், எடுக்கப் போனாலும், கை தானாக அந்த லீவரைத் தேடும். இத்தனை வருஷம் இரண்டு பேர் இழுத்தால் எந்தக் கேபிள்தான் தாங்கும்? வக்கீலிடம் போயிருந்தால் கேபிளாவது மிஞ்சியிருக்கும்.

மகன் வெளியூரிலிருந்து போனில், "மெக்கானிக்கக் கூப்பிடுங்கப்பா" என்றான். மெத்தைக்காரர் கேட்கவில்லை. மனைவி தனியாகப் போகப்போகிற காரில் இன்னொருவர் கை வைப்பது அவருக்கு ஏனோ ஒப்பவில்லை.

காலையில் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டைகள் கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். லீவரைக் கீழே இறக்கிவிட்டார். லீவருக்கு அடியில் கேபிளை இறுக்கிப் பிடிக்கிற நட்டு துருப்பிடித்துக் கிடந்தது. அதில் எண்ணெய் விட்டு ஊறட்டும் என்று விட்டுவிட்டு, இடது பின்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்குப் பின்னால் டிரம். டிரம்மை உருவினால் உள்ளே பிரேக் ஷூ. அந்த ஷூவின் கொக்கியில் கேபிளின் முனை மாட்டியிருக்கும். அதை விடுவித்தால் பாதி வேலை முடிந்தது. கடையில் மிச்சமான ஒரு பழைய மெத்தையைத் தரையில் விரித்து, அதன்மேல் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தார். காருக்கு அடியில் மெத்தை போட்டு வேலை செய்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

"பாய் போதாதா மாப்ள? தலகாணியும் வேணுமா?" என்றார் மாமனார். ஓய்வு பெற்ற தபால்காரர் அவர். ஒரு காலத்தில் ஊர் முழுக்க நடந்தவர். இப்போது முழங்கால் வலியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வேலை செய்தாலும் மேற்பார்வை பார்ப்பார். மலையேறினால் காது அடைக்கும் என்று மகளோடு போக மறுத்துவிட்டார். அவருக்காகவும் கடைக்காகவும்தான் மெத்தைக்காரர் இங்கேயே தங்குகிறார்.

"தலகாணி தச்சது ஒண்ணு இருக்கு மாமா. அது அவ கொண்டுபோறதுக்கு."

காருக்கு அடியில் வேறு ஓர் உலகம் இருந்தது. வெளியில் வெயில், உள்ளே குளத்தடியில் இருப்பது போலப் பச்சையும் பழுப்புமாக ஒரு நிழல். மண்ணும் எண்ணெயும் கலந்து காய்ந்த வாசனை. தலைக்குமேல் குழாய்களும் கம்பிகளும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போயின. மெத்தையை உள்பக்கமிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மேலே உட்கார்ந்து போகிறவர்களுக்கு அடியில் என்ன முடிச்சுகள் இருக்கின்றன என்று தெரியாது. சுத்தியலால் டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். துருத்தூள் முகத்தில் உதிர்ந்தது. டிரம் அசையவில்லை. மறுபடி தட்டினார். சுவரை உருவ முயன்ற மாதிரி இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாரும் கால்கள்தான். மாமனாரின் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின. ஒரு பூனையின் நாலு கால்கள் வந்து, யோசித்து, போயின. புதுச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் வீட்டுக்கும் காருக்கும் நடந்துகொண்டே இருந்தன. பயணத்துக்கென்று சிஸ்டர் வாங்கிய நீலச் செருப்பு. ஒவ்வொரு எட்டுக்கும் சின்னதாகக் கிறீச்சிட்டது. போகும்போது கிறீச், வரும்போது கிறீச். முன்கதவு திறந்தது, மூடியது. அந்தச் சத்தத்தில் ஒரு தாலாட்டு இருந்தது. சுத்தியல் அவர் நெஞ்சின்மேல் இறங்கியது.

கனவில் கார் பின்பக்கமாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், இளைஞர்களாக. தெரு முடியவே இல்லை. செம்பருத்திச் செடி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. "பிடிங்க, பிடிங்க" என்று கத்தியபடியே அவள் சிரித்துக்கொண்டு ஓடினாள். பிடித்துவிட்டால் ஓட்டம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் கை எட்டியும் பிடிக்காமல் ஓடினார்.

"மாப்ள! கொறட்ட விடுறது காரா, நீங்களா?"

விழித்தார். நிழல் சற்று நகர்ந்திருந்தது. டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ஊஹூம். எல்லாப் பலத்தையும் கொடுத்து இழுத்தார். கார்தான் கட்டைகளின்மேல் லேசாக ஆடியது, டிரம் ஆடவில்லை. இத்தனை நாள் சும்மா கிடந்த டிரம் இன்றைக்குப் பார்த்து ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது? அவள் போகட்டும் என்று இது நினைக்கவில்லை போலிருக்கிறது. கார் தன் கட்சியில் இருக்கிறது. அப்படி நினைத்ததும் அவர் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

வெளியே தலையை நீட்டினார். "இது வராது போல இருக்கும்மா. டிரம்மு ஒட்டிக்கிச்சு. மெக்கானிக்கும் இன்னிக்குக் கெடயாது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் மாமனார். யாரும் சிரிக்கவில்லை. மலைக்குப் போகிற பஸ் காலையிலேயே போய்விட்டது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சிஸ்டர் கையில் ஒரு பெட்டியோடு நின்றார். "நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரி, விடுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெயித்துவிட்ட மாதிரி மெத்தைக்காரர் மறுபடி காருக்கு அடியில் நுழைந்து படுத்தார். இனி வேலை ஒன்றும் இல்லை. சாயங்காலம் டீ, அப்புறம் சாப்பாடு, நாளைக்கு வழக்கம்போல கடை. எல்லாம் அப்படியே இருக்கும். நினைக்கவே இதமாக இருந்தது, புதுப் பஞ்சில் புதைந்த மாதிரி. கண்ணை மூடப்போனார்.

கிறீச் சத்தம் வாசல்படிக்கு வந்து நின்றது. திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் படியில் உட்கார்ந்து நீலச் செருப்பைக் கழற்றினார். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை, கடையில் வைப்பதுபோல நேராக வைத்தார். வீட்டில் போடுகிற பழைய ரப்பர் செருப்புக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் எங்கேயும் போகவில்லை. அந்தக் கால்கள் அப்படியே நின்றன. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒரு கால் மட்டும், ஏதோ நினைவு வந்ததுபோல, பக்கத்தில் இருந்த நீலச் செருப்பை விரல் நுனியால் தொட்டது. உடனே விலகிக்கொண்டது.

மெத்தைக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. முகத்தைப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். முகம் இருபத்தைந்து வருஷமாகச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட முகம். கால்களுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை.

அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நட்டுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடலாம் என்று முன்கதவைத் திறந்தார். சீட்டில் அவர் தைத்த தலையணை இருந்தது. அதன் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் லீவர் மேலே நின்றுகொண்டிருந்தது.

காலையில் அவர் இறக்கிவிட்ட லீவர். தலையணையை வைக்க வந்த கை, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதை மேலே இழுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் சாதாரணமாக இல்லை, கடைசிப் பல் வரைக்கும். பிரிந்துபோன கேபிள் அந்த நாலைந்து கம்பியிலும் விசுவாசமாக ஷூவை இழுத்து டிரம்மோடு ஒட்டிவைத்திருந்தது. டிரம் எப்படி வரும்? அப்பனே வந்தாலும் வராது. போகவேண்டியவளே தன் கையால் தன்னை நிறுத்திவைத்திருக்கிறாள், பழக்கதோஷம்.

அவர் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். தெருவில் யாரும் இல்லை. மாமனார் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மெத்தைக்காரரின் கை லீவரின்மேல் இருந்தது. அது வெயிலில் சூடேறி, உயிருள்ளது மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. இதை இப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால் ஒருவருக்கும் தெரியாது. டிரம் வரவில்லை, அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை, சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. போகாதே என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல தைரியம் இல்லாதவன், லீவரைச் சொல்லவைக்கிறேனா?

முனையில் இருந்த பொத்தானை அழுத்தினார். லீவர் ஒரு பெருமூச்சோடு கீழே இறங்கியது.

அதன்பின் எல்லாம் வந்தது. டிரம் இரண்டு தட்டில் கையில் வந்து விழுந்தது. ஊறியிருந்த நட்டு முனகிக்கொண்டே சுழன்றது. ஷூவின் ஸ்பிரிங்கை நெம்பி, கொக்கியிலிருந்து கேபிளின் முனையைக் கழற்றினார். வண்டியின் அடியில் அதைப் பிடித்திருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். இனி இழுத்தால் கேபிள் வந்துவிடும். ஆனால் புதுக் கேபிள் அந்தக் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் அதே வழியாகத் திரும்பப் போகவேண்டுமே! அவர் சட்டைப் பையிலிருந்து மெத்தை தைக்கிற மெழுகு நூலை எடுத்தார். பழைய கேபிளின் முனையில் கட்டி, லீவர் பக்கமிருந்து மெதுவாக இழுத்தார். துருப்பிடித்த கேபிள் வெளியே வர வர, அது இருந்த இடமெல்லாம் வெள்ளை நூல் போய் உட்கார்ந்துகொண்டது. காரின் இருட்டு வயிற்றுக்குள் ஒற்றைத் தையல். பிறகு அதே நூலில் புதுக் கேபிளைக் கட்டித் திருப்பி இழுத்தார். வழி தெரிந்த மாதிரி அது போய்ச் சேர்ந்தது.

டிரம் விழுந்த சத்தத்துக்கே ரப்பர் செருப்புகள் ஓடி வந்திருந்தன. "வந்துடுச்சா? எப்படிங்க?"

"மனசு மாறிடுச்சு போல."

"யாருக்கு?"

"டிரம்முக்குத்தான், வேற யாருக்கு? போ, போய் செருப்ப மாத்து."

டிரம்மையும் சக்கரத்தையும் திரும்பப் பூட்டினார். கடைசியாக நட்டை முறுக்கும் வேலை. எத்தனை முறுக்கு முறுக்குகிறோமோ அத்தனைக்குக் கேபிள் இறுகும். அவர் முறுக்கினார், லீவரை இழுத்துப் பார்த்தார், பின்சக்கரத்தைப் போய்ச் சுற்றிப் பார்த்தார், மறுபடி வந்து முறுக்கினார். வழக்கமான இடத்தில் நிறுத்தியிருந்தால், அவள் இழுத்த பிறகு இன்னும் ஒரு பல்லுக்கு இடம் இருந்திருக்கும். அந்த ஒரு பல் அவருடையது. மலையில் அதை யார் இழுப்பது? அவர் ஸ்பேனரை எடுத்து, அந்த இடத்தையும் முறுக்கி முடித்தார். நிதானமாகத்தான் செய்தார். நெஞ்சு வலித்தது, உண்மையாகவே.

கார் தரைக்கு வந்தது. பெட்டிகள் ஏறின. மாமனார் மகளின் தலையில் கை வைத்து, "லெட்டர் போடு" என்றார். போன் கையில் இருக்கிற காலத்திலும் அவருக்கு லெட்டர்தான். சிஸ்டர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். மெத்தைக்காரர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "முன் கல்ல எடுத்தாச்சு. ஒருதரம் கொஞ்சம் முன்ன எடுத்து, நிறுத்திப் பாரு."

மேடு பார்த்து நின்ற காரை சிஸ்டர் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினார். லீவரை இழுத்தார். கிர்ரிக். இஞ்சினை அணைத்தார். காலை எடுத்தார். கார் அசையவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"என்னங்க, உங்க பங்கு?"

மெத்தைக்காரர் லீவரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்துக் காட்டினார். "வராதும்மா. உன் இழுப்பே போதும், இனிமே."

சிஸ்டர் லீவரைப் பார்த்தார். பிறகு பின்சீட்டுக்கு மாறியிருந்த தலையணையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி லீவரைப் பார்த்தார். அவர் நர்ஸ், வலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழிலே.

"காலைல தலகாணிய வெக்கும்போது..." என்றார். "நான்தான இழுத்துவிட்டேன்?"

மெத்தைக்காரர் விரலில் ஒட்டியிருந்த கறையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பாத்துட்டு இறக்குனீங்களா?"

"ம்."

"பாக்காத மாதிரி இருந்திருக்கலாமே."

"இருக்கலாம்னுதான் பாத்தேன். முடியல."

சிஸ்டர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். வைத்த இடம் ஹாரன். அது தெருவே அதிரும்படி அலறியது. "என்னாச்சு, திரும்பவும் உருளுதா?" என்று மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கண்ணில் தண்ணீரோடு சிஸ்டர் சிரித்தார். மெத்தைக்காரரும் சிரித்தார், ஆனால் அவர் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கினார்.

"ராத்திரி நல்லாப் படுத்துத் தூங்கு. தலகாணி நல்லா இருக்கு, நான் பாத்துட்டேன்."

"தெரியும். உறையில உங்க தல எண்ணெ வாசன."

கார் மேட்டில் ஏறியது. தெருவின் உச்சியில் பெரிய சாலை குறுக்கே போகிறது. அங்கே ஒரு பஸ் வந்துகொண்டிருந்ததால் கார் நின்றது, சரிவின் செங்குத்தான இடத்தில், பின்பக்கம் இவரைப் பார்த்தபடி. பின்விளக்குச் சிவப்பாக எரிந்தது, பிறகு அணைந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். இப்போது பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கேபிள் மட்டும்தான்.

மெத்தைக்காரர் நடுத்தெருவில் நின்றார். எதற்கென்று தெரியாமல் அவர் கால்கள் ஓடுவதற்குத் தயாராக இருந்தன. பஸ் மெதுவாகக் கடந்தது. கார் ஒரு விரல்கடைகூடப் பின்னால் வரவில்லை. கொஞ்சம் வந்திருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.